இரண்டு வார அக்கா

அவையில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

பரீட்சை முடிந்ததும் வெளிநாடு போய் ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்வதாக இங்கே பலர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். நல்ல மனசு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த வாசலில் போய் நிற்கிறோம், பணம் யார் கைக்குப் போகிறது, நாம் கிளம்பிய பிறகு அங்கே என்ன மிஞ்சுகிறது என்பதைப் பேசியே ஆக வேண்டும். கம்போடியாவை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பட்டியலில் அதிகம் வரும் நாடு அது. தவிர, ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லங்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்த நாடும் அது.

2005 இல் அங்கே 154 ஆதரவற்றோர் இல்லங்கள் இருந்தன. 2010 இல் 269. ஐந்தே வருஷத்தில் 75 சதவீதம் கூடிவிட்டது. லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட கெமர் ரூஜ் ஆட்சி 1979 லேயே முடிந்துவிட்டது. போர் ஓய்ந்து, நாடு தேறி, வறுமை குறைந்துவரும் காலத்தில் அநாதைகள் மட்டும் எப்படிப் பெருகுவார்கள்? 2011 இல் கம்போடிய அரசும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் பதில் இருந்தது. இல்லங்களில் இருந்த நான்கு பிள்ளைகளில் மூவருக்கு அம்மாவோ அப்பாவோ, குறைந்தது ஒருவராவது, உயிரோடு இருந்தார். பெருகியது அநாதைகள் இல்லை, இல்லங்கள். 2015 இல் வீடு வீடாகப் போகாத குறையாக மறுபடி எண்ணினார்கள். 406 இல்லங்கள், 16,579 பிள்ளைகள். அந்த இல்லங்கள் எங்கே கூட்டமாக இருந்தன என்று பாருங்கள்: புனோம் பென், அங்கோர் கோயிலை ஒட்டிய சியெம் ரீப், கடற்கரை ஊரான சிஹானூக்வில். சுற்றுலாப் பயணி இறங்கும் இடத்தில்தான் அநாதையும் இருக்கிறான்! நேபாளத்திலும் இதே கதை. அங்கே இல்லங்களில் பெரும்பாலானவை காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன் என்ற ஐந்து சுற்றுலா மாவட்டங்களுக்குள் அடங்கிவிடும்.

இது நடக்கும் விதம் ரொம்ப எளிது. கிராமத்துக்கு ஒருவர் வருவார். 'பிள்ளைக்கு இங்கிலீஷ் படிப்பு, மூன்று வேளைச் சாப்பாடு, எல்லாம் இலவசம்' என்பார். கடனில் இருக்கும் தாய் விடுதிக்கு அனுப்புவதாக நினைத்து அனுப்புவாள். இல்லத்தில் தலைக்கணக்குக் காட்டி நன்கொடை கேட்பார்கள். சாயங்காலம் வெளிநாட்டவர் முன்னால் பிள்ளைகள் அப்சரா நடனம் ஆட வேண்டும். கட்டடம் ஓட்டையாக இருந்தால்தான் மனசு இளகும் என்பதால் சில இடங்களில் கூரையை வேண்டுமென்றே பழுது பார்ப்பதில்லை. நன்கொடை வந்துகொண்டிருக்கும் வரை பிள்ளை வீடு திரும்பினால் நஷ்டம், திரும்பாவிட்டால் வருமானம். நாம் கட்டும் 'தன்னார்வலர் கட்டணம்' அந்த வருமானத்தில் ஒரு பங்கு. இப்படிப் பிள்ளைகளைச் சேர்ப்பதை ஆள்கடத்தலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்திரேலியா 2018 இல், நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோதே பேசியது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமும், சுற்றுலாவாக வந்து இல்லங்களில் சேவை செய்வதால் வரும் தீங்குகளைத் தடுக்கச் சொன்னது.

'நான் போகும் இல்லம் நல்ல இல்லம்' என்று சிலர் மனசுக்குள் சொல்வது கேட்கிறது. இருக்கலாம். அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. ருமேனியாவின் புகாரெஸ்ட்டில் 2000 இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். விடுதியில் வளர்ந்த 136 சின்னப் பிள்ளைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் பல விஷயங்களில் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் நன்றாகவே. பிள்ளைக்கு வேண்டியது மாறாத ஒரே ஆள். வேனை விட்டு இறங்கியதும் முன்பின் தெரியாத ஐந்து வயசுப் பிள்ளை ஓடிவந்து இடுப்பில் ஏறிக்கொண்டால் நாம் பூரித்துப் போகிறோம். நம் வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்யுமா? அம்மா முந்தானைக்குப் பின்னால் அல்லவா ஒளியும்! வந்தவர் எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும் பிள்ளை, போனவர் எல்லோரையும் இழந்த பிள்ளை. கம்போடியாவின் கெமர் மொழியில் அக்காவுக்கும் அண்ணனுக்கும் 'பொங்' என்ற ஒரே சொல்தான். வருஷத்துக்கு இருபத்தாறு பொங் வந்து போகும் வீட்டை வீடு என்று சொல்ல முடியாது.

அதனால் முதல் விதி: இல்லத்தில் தங்கிப் பிள்ளைகளைக் கொஞ்சும் வேலை எதற்கும் பெயர் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடம், சுகாதார மையம், பிள்ளைகளைத் திரும்பக் குடும்பத்தோடு சேர்த்து வைக்கும் அமைப்பு, இந்த மூன்றில் ஒன்றைத் தேடுங்கள். அங்கேயும் பிள்ளைகளோடு நேரடியாக இல்லாமல், அவர்களோடு எப்போதும் இருக்கப் போகிறவர்களோடு வேலை செய்யுங்கள். பிசியோதெரபி படித்தவர் என்றால் பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதைவிட, இரண்டு ஊழியர்களுக்கும் நான்கு தாய்மார்களுக்கும் சொல்லிக் கொடுப்பது மேல். வணிகவியல் படித்தவருக்கு வேலை இல்லையோ என்று நினைக்காதீர்கள். சின்ன அமைப்புகள் திணறுவது கணக்கு எழுதுவதிலும், நன்கொடையாளருக்கு அறிக்கை அனுப்புவதிலும்தான். பார்க்க அழகில்லாத வேலை. செல்ஃபி எடுக்க ஒன்றும் கிடைக்காது.

அமைப்புக்கு எழுதும்போது நாலு கேள்வி கேளுங்கள். உள்ளூர்க்காரர் செய்யக்கூடிய வேலையா இது? நான் கட்டும் தொகை எதெதற்குப் போகிறது? குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையின் பிரதி ஒன்று அனுப்ப முடியுமா? நான் போன பிறகு இதை யார் தொடர்வார்? பதில் வருவதற்கு முன் வங்கிக் கணக்கு எண் வந்தால் விட்டுவிடுங்கள். நல்ல அமைப்பு உங்களைத்தான் குடையும்: காவல்துறைச் சான்று, இரண்டு பேர் பரிந்துரை, நேர்காணல் எல்லாம் கேட்கும். இந்தியாவில் இருப்பவர்கள் அந்தச் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். முகவரி மாறியிருந்தால் காவல் நிலைய விசாரணைக்கு நாள் பிடிக்கும், ஆகவே இரண்டு மாதம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். பிரிட்டனில் உள்ளவர்களுக்குப் பிள்ளைகளோடு வேலை செய்வதற்கென்றே தனிச் சான்று இருக்கிறது.

விசாவில் ஏமாறாதீர்கள். கம்போடியாவில் சுற்றுலாவுக்கு டி (T) வகை. தங்கி வேலை செய்ய, நீட்டிக்கக்கூடிய ஈ (E) வகை. 'டி போதும், யாரும் கேட்கமாட்டார்கள்' என்று சொல்லும் அமைப்பு வேறு எதிலும் சட்டத்தை மதிக்காது. நேபாளத்திலும் சுற்றுலா விசாவில் வருகிறவர்கள் தன்னார்வ வேலை செய்யக் கூடாது. இந்தியருக்கு அங்கே விசாவே வேண்டாம் என்பதால் இந்தக் கட்டுப்பாடு நம் காதில் விழுவதே இல்லை.

தடுப்பூசியை நமக்கான கவசமாக மட்டும் நினைக்கிறோம். தட்டம்மையை நாம் அங்கே கொண்டுபோய்விடக் கூடாது என்பதும் அதில் சேர்த்திதான். நாம் காசநோய் அதிகமுள்ள நாட்டிலிருந்து போகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யாமல் வகுப்பறைக்குள் நுழையாதீர்கள்.

நாட்காட்டியையும் பாருங்கள். கெமர் புத்தாண்டு நம் சித்திரை முதல் நாளை ஒட்டித்தான் வரும், அந்த வாரம் பள்ளி கிடையாது. புரட்டாசியில் நமக்கு மகாளய பட்சம் வருவதுபோல அவர்களுக்குப் 'பிச்சும் பென்' என்று பதினைந்து நாள் முன்னோர் விழா; முடிவில் ஊரே சொந்த கிராமத்துக்குப் போய்விடும். அப்போது போய் இறங்கி, 'பிள்ளைகள் எங்கே?' என்று கேட்டவர்கள் உண்டு.

இனி வகுப்பறை. அங்கே பள்ளிகள் பெரும்பாலும் காலை, மாலை என அரைநாள் முறையில் நடக்கும், ஆக ஒரு நாளில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். பெரும்பாலான இங்கிலீஷ் சேவை அங்கேயே வீணாகிறது. ஜூனில் வந்தவர் ஏ, பி, சி பாட்டு, நிறங்கள், உடல் உறுப்புகள் சொல்லிக் கொடுத்துப் போவார். ஜூலையில் வந்தவரும் அதே ஏ, பி, சி. பிள்ளைகள் புதிதாகக் கேட்பதுபோல முகம் வைத்துக்கொண்டு பாடும். ஒரு வருஷத்தில் ஆறு முறை முதல் பாடம்! ஆகவே உள்ளே போனதும் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது, 'புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள்?' உள்ளூர் ஆசிரியரின் பாடநூலை அந்தப் பக்கத்திலிருந்து தொடருங்கள்.

கெமரில் சொல்லின் கடைசியில் 'ஸ்' எழுதினாலும் உச்சரிப்பில் அது 'ஹ்' போல மங்கிவிடும். அதனால் 'பஸ்', 'ரைஸ்' எல்லாம் அந்தப் பிள்ளைகள் வாயில் பாதியில் நிற்கும். நமக்கு நேர் எதிர் வியாதி: 'பஸ்ஸு' என்று இழுப்போம். நாம் சொல்லிக் கொடுத்தால் அவர்களும் 'பஸ்ஸு' என்பார்கள். சொல்லைப் பலகையில் எழுதி, கடைசி எழுத்துக்கு விரலை உதட்டருகில் வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று காட்டி, பத்துச் சொல்லை நாளுக்கு ஐந்து நிமிடம் பயிற்சி கொடுங்கள். இதை ஆசிரியர் செய்ய, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஆசிரியைக்கு அங்கே 'நியக் க்ரூ', ஆசிரியருக்கு 'லோக் க்ரூ'. அந்தக் 'க்ரூ' நம் குருதான். அவர்கள் எழுத்தே பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. அந்த மரியாதையோடு வகுப்பில் அவரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நின்றால் பாடம் தங்கும். அவரை ஓரம் தள்ளினால் நீங்கள் போன மறுநாள் அவர் சொல்லுக்கு வகுப்பில் மதிப்பு இருக்காது.

மூன்று மாதம் போகிறீர்கள் என்றால் முதல் இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். நடு எட்டு வாரம் ஆசிரியரோடு சேர்ந்து நடத்துங்கள். கடைசி இரண்டு வாரம் அவர் தனியாக நடத்தட்டும், நீங்கள் குறிப்பு மட்டும் எடுங்கள். மூன்று மாதம் முடியாது, இரண்டு வாரம்தான் விடுப்பு என்கிறவர்கள் அங்கோரைப் பார்த்து, உள்ளூர் உணவகத்தில் சாப்பிட்டுத் திரும்பலாம். விமானச் சீட்டும் கட்டணமுமாக லட்ச ரூபாயைத் தாண்டும் செலவில் ஒரு பகுதியைக் குடும்பத்தோடு பிள்ளைகளைச் சேர்க்கும் அமைப்புக்கு அனுப்பினால் அது அங்கே ஓர் உள்ளூர்ச் சமூகப் பணியாளரின் சம்பளமாகும்.

இன்னும் சில. எந்தப் பிள்ளையோடும் கதவு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்க வேண்டும். வண்டியில் தனியாக ஏற்றிப் போவதும் கூடாது. முகமும் பள்ளிப் பெயரும் தெரியும் படத்தை இணையத்தில் போடாதீர்கள், செல்பேசியில் இடக்குறிப்பை அணைத்து வையுங்கள். மிட்டாயும் பொம்மையும் கையோடு கொண்டுபோய் விநியோகிக்க வேண்டாம். கிடைக்காத பிள்ளை மறுநாள் பள்ளியை விட்டுச் சுற்றுலா வண்டிகளுக்குப் பின்னால் ஓடும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நோட்டும் பேனாவும் அந்த ஊர்க் கடையில் வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.

கிளம்பும் தேதியை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், வகுப்புச் சுவர் நாட்காட்டியில் வட்டம் போட்டே காட்டலாம். 'அடுத்த வருஷம் வருவேன்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை நம்பிவிடும். ஆசிரியர் மேஜையில் ஒரு நோட்டை விட்டு வாருங்கள். எந்தப் பக்கம் வரை நடந்தது, எந்தப் பத்துச் சொல் இன்னும் தடுமாறுகிறது, எந்தப் பிள்ளைக்குப் பலகை தெரியவில்லை, யாருக்குக் கண்ணாடி வேண்டும் என்று பெயரோடு, கெமரிலும் எழுதி வாங்கி, இரண்டே பக்கத்தில். அடுத்து வருகிறவர் ஏ, பி, சி பாட்டைத் தொடங்குவதற்கு முன் ஆசிரியர் அந்த நோட்டை எடுத்து நீட்டுவார்.

கேள்விகள் இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள். விசா பற்றிய கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.