குனியலாம், ஆனால் எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம். சைக்கிள் பத்தி ரேடியோவுல பேசணும்னு கூப்பிட்டப்போ, உடம்புக்கு நல்லது, பெட்ரோல் மிச்சம்னு பேசச் சொல்லிடுவாங்களோன்னு பயந்தேன். நல்லவேளை, உங்க இஷ்டம்னு விட்டுட்டாங்க. அதனால டைம் டிரையல் பத்தி மட்டும் பேசப்போறேன். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்து ரிட்டயர் ஆனவன். சாயங்காலம் நாலு பசங்களைக் கூட்டிட்டுப் போய் சைக்கிள் சவட்ட வைக்கிறது வேலைக்குச் சேர்ந்த காலத்துப் பழக்கம், இன்னும் விடல.

டைம் டிரையல்ல கூட்டமா ஓட்ட மாட்டாங்க. ஒவ்வொருத்தரா, ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ இடைவெளி விட்டு அனுப்புவாங்க. யார் குறைஞ்ச நேரத்துல முடிக்கிறாங்களோ அவங்களுக்குப் பரிசு. அடுத்தவன் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சு காத்துக்குத் தப்பிக்கிற வித்தை இங்கே செல்லாது.

காத்துன்னா என்னன்னு நம்ம குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. முப்பந்தல்ல அத்தனை காற்றாலை சும்மாவா நிக்குது? மலை விட்டுக்கொடுத்த அந்த ஒரு சந்து வழியா, ஆனி ஆடியில மேற்குக் காத்து மொத்தமும் புகுந்து வருது.

1986, நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஆரல்வாய்மொழியில ஒரு கல்யாண வீடு. நாகர்கோவில்ல இருந்து சைக்கிள்ல போனேன். போகும்போது முதுகுல காத்து, சவட்டவே வேண்டாம். நான் பெரிய வீரன்னே நினைச்சுக்கிட்டேன். கல்யாணச் சாப்பாடு, ரெண்டு பாயசம், எல்லாம் முடிச்சுத் திரும்பறப்பதான் தெரிஞ்சுது. எதிர்க்காத்து. தோவாளை வர்றதுக்குள்ள நாக்கு தள்ளிப்போச்சு. அப்போ பின்னால இருந்து ஒருத்தர் என்னைத் தாண்டிப் போறார். மீன்காரர். வயசு அம்பதுக்கு மேல இருக்கும். கனத்த பழைய சைக்கிள், கேரியர்ல காலி மீன்பெட்டி. எனக்கு வயசு 24, நிமிர்ந்து உக்காந்து சட்டையெல்லாம் பலூன் மாதிரி உப்பி, நடக்கிற வேகத்துல போயிட்டிருக்கேன்.

அவர் எப்படி உக்காந்திருந்தார்னு கவனிங்க. ரெண்டு முழங்கைக்கும் முன்னால இருக்கிற கையை ஹேண்டில்பார் மேல அப்படியே சாய்ச்சு வச்சிருக்கார். உள்ளங்கை ரெண்டும் நடுவுல, பெல்லுக்கு மேல சேர்ந்திருக்கு. முதுகு திண்ணை மாதிரி தட்டையா இருக்கு.

தோவாளை டீக்கடையில பிடிச்சுட்டேன். "அண்ணே, எப்படி?"ன்னு கேட்டேன். "சாரே, காத்துக்கு நெஞ்சக் காட்டப்பிடாது"ன்னார். சரின்னு டீயைக் குடிச்சுட்டு நானும் குனிஞ்சேன். குனிஞ்சேன்னா சாதாரணமா இல்ல, மூக்கு ஹேண்டில்பாரைத் தொடுற அளவுக்கு. தொடை வந்து வயித்துல இடிக்குது, பாயசம் மேல வருது, மூச்சு முட்டுது. கால்ல பலமே இல்ல. அவர் பார்த்துச் சிரிச்சுட்டு, "அம்புட்டு குனிஞ்சா எப்படிச் சவட்டுவீரு? வயிறு மடங்காத அளவுக்குக் குனியும்"ன்னார்.

வயிறு மடங்காத அளவுக்கு. இந்தப் பேச்சுல வேற எது மறந்தாலும் பரவாயில்ல, அதை மறக்காதீங்க.

மூணு வருஷம் கழிச்சு, 1989 ஜூலை. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தோட கடைசி நாள், வெர்சாய்ல இருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் டிரையல். பிரான்சுக்காரர் லோரான் ஃபின்யோன் மொத்த நேரத்துல 50 விநாடி முன்னால இருக்கார். அமெரிக்காக்காரர் கிரெக் லெமான்ட், முன்னால நீட்டிக்கிட்டு இருக்கிற ஏரோ பார்ல முழங்கையை ஊன்றி, ரெண்டு கையையும் சேர்த்துக்கிட்டு வந்தார். ஃபின்யோன் ஹெல்மெட் இல்லாம, குடுமி காத்துல பறக்க வந்தார். அன்னைக்கு மட்டும் 58 விநாடி வித்தியாசம். மூணு வாரம் ஓட்டின பந்தயத்தை லெமான்ட் 8 விநாடியில ஜெயிச்சார். பேப்பர்ல அந்தப் படத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரிகிட்ட, "ஏய், இது நம்ம மீன்காரர்!"ன்னு கத்திட்டேன். அவளுக்கு ஒண்ணும் புரியல.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? சைக்கிள் வேகம் ரெண்டு மடங்கானா, காத்தை விலக்கத் தேவைப்படுற சக்தி எட்டு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல சமதரையில போறப்போ, உங்க உழைப்புல பெரும்பகுதி காத்துக்குத்தான் போகுது. சைக்கிளை விட உங்க உடம்புதான் அந்தக் காத்தை அதிகம் மறிக்குது. பல்பு கணக்குல சொல்றேன். பழைய 60 வாட் குண்டு பல்பு ஞாபகம் இருக்கா? கொஞ்சம் நிமிர்ந்து ஓட்டினா அந்த வேகத்துக்குச் சுமார் 300 வாட், அஞ்சு பல்பு. ஏரோ பார்ல சரியாப் படுத்து ஓட்டினா சுமார் 240, நாலு பல்பு. நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும். ஆனா ஒரு முழு பல்பு மிச்சம்!

இங்கேதான் என் பசங்க தப்பு பண்றாங்க. குனிஞ்சா ஒரு பல்பு மிச்சம்னா, இன்னும் ரெண்டு விரல் அளவு குனிஞ்சா இன்னொரு பல்பு மிச்சம்னு நினைக்கிறான். அப்படி இல்ல. அந்த ரெண்டு விரலுக்குக் கிடைக்கிறது சுமார் 8 வாட்தான். சீரோ வாட் பல்புன்னு ஒண்ணு இருந்துதே, பேருக்குத்தான் சீரோ, 15 வாட் வரைக்கும் இழுக்கும், அதுல பாதி. ஆனா அவ்வளவு குனிஞ்சதால இடுப்பு மடிப்பு இறுகி, பிட்டத்துத் தசை வேலை செய்யாம, மூச்சு மேலோட்டமாகி, கால்ல இருந்து 15 வாட் போச்சுன்னா? அப்போ நஷ்டம் யாருக்கு? 30 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டுற பையனுக்கு அந்த ரெண்டு விரல் தர்றது 3, 4 வாட்தான். பாலமோர் மாதிரி ஏத்தத்துல 12 கிலோமீட்டர் வேகத்துல ஏறுறவன் குனிஞ்சு என்ன ஆகப்போகுது? நிமிர்ந்து உக்காந்து மூச்சு விடட்டும்.

மீன்காரரும் ஏத்தம் வந்தா நிமிர்ந்துக்கிட்டார், இதைச் சொல்ல விட்டுட்டேன்.

சரி, குனியவும் வேணும், வயிறும் மடங்கக் கூடாது. என்ன வழி? சீட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளினா, முதுகு அதே தாழ்வுல இருக்கும், இடுப்பு மடிப்பு விரியும். ஆனா சாலைப் பந்தயத்துல சீட்டோட மூக்கு எவ்வளவு முன்னால வரலாம்னு விதி உண்டு; நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேர்ந்த டிரையத்லான்காரங்களுக்கு அவ்வளவு கெடுபிடி இல்ல. இன்னொண்ணு, கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கிற கையை, குட்டையாக்குறது. 172.5 மில்லிமீட்டர் போட்டிருந்தா 165 போடுங்க, தொடை அவ்வளவு மேல வராது. சீட்டையும் கொஞ்சம் உயர்த்தணும், மறந்துடாதீங்க. அப்புறம் பழக்கம். முதல் வாரம் கால் கெஞ்சும். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை அதே நிலையில ஓட்டிப் பழகினா, சில வாரத்துல போன வாட் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வரும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, ரெண்டு நிமிஷம்தான் பாக்கியாம். மீன்காரர் என் நேரத்தைத் தின்னுட்டார். தலை, ஹெல்மெட், டயர் எல்லாம் சொல்லணும்னு எழுதி வச்சிருந்தேன், போகட்டும். தலை மட்டும் ஒரு வரி: தோளுக்குள்ள இழுத்துக்கலாம், ஆனா கண் ரோட்டுல இருக்கணும். லாரி போற நாலுவழிச் சாலையில இதைப் பழகவே கூடாது.

நீங்களே சோதிச்சுப் பார்க்கணும்னா, காத்தில்லாத விடியக்காலை, ஆனி ஆடி வேண்டாம், வாகனம் குறைஞ்ச ஒரே ரோட்டுல போகவும் வரவும் ஓட்டுங்க. போய்வர ரெண்டும் சேர்த்துத்தான் கணக்கு. எதிர்க்காத்துல நீங்க அதிக நேரம் மாட்டிக்கிறதால, முதுகுக்காத்து கொடுத்தது அதை ஈடுகட்டாது; அதான் காத்தில்லாத நேரம் சொன்னேன். மாத்துறதுக்கு முன்னால ஒரு தடவை, பின்னால ஒரு தடவை ஓட்டுங்க; நாடித்துடிப்பு ரெண்டு தடவையும் ஒண்ணா இருக்கணும். ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க. சீட், இல்லன்னா பார், இல்லன்னா கிராங்க். எல்லாத்தையும் ஒரே நாள்ல... சரி சரி, முடிச்சுட்டேன். வணக்கம்.