படத்தின் முதுகுப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். நாகர்கோவிலில் 22 வருடமாகப் படங்களுக்குச் சட்டம் போடும் வேலை செய்கிறேன். எங்கள் ஊரில் இதைக் ‘கண்ணாடி போடுறது’ என்றுதான் சொல்வார்கள்.

போன ஆடி மாதம், குளச்சல் பக்கத்தில் இருந்து வயதான ஒரு அம்மா ஒரு படத்தைப் பழைய வேட்டியில் பொதிந்து எடுத்து வந்தார். “மக்கா, கண்ணாடி கீறிப் போச்சு. வேற ஒண்ணு மாத்தித் தா, போதும்” என்றார். அவருடைய கணவர் படம். ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், படத்துக்காகச் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு நிற்கிறார்.

படத்தை மேசையில் கவிழ்த்து வைத்து ஆணிகளை இடுக்கியால் இழுத்தேன். பாதி ஆணி துருவாக உதிர்ந்தது. பின்னால் இரண்டு மெல்லிய பலகை. அதற்கு உள்ளே பழைய செய்தித்தாள், கருப்பட்டி நிறத்தில், தொட்டதும் பொடிந்தது. இரண்டு பலகையும் சேரும் இடத்தில் ஒரு நூல் அளவு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளிக்கு நேராகப் படத்தின் மேலேயே ஒரு பழுப்புக் கோடு, நெற்றியில் தொடங்கிச் சட்டைப் பை வரை இறங்கியிருந்தது. முன்பக்கம் அதைவிட மோசம். ஒரு கன்னமும் தோளும் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்திருந்தன.

இந்த ஒரு படத்துக்குள் நான் இன்று சொல்ல வந்த அத்தனையும் இருக்கிறது. மரக்கூழில் செய்த மலிவான தாளிலும் அட்டையிலும் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. நாள் ஆக ஆக அது அமிலமாக மாறித் தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். அந்த அமிலம் இருந்த இடத்தில் இருக்காது, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் நல்ல தாளுக்கும் நகரும். பச்சை மரப் பலகையும் அதையேதான் செய்யும். இனி கண்ணாடியில் ஒட்டியது ஏன் என்றால், பழைய ஃபோட்டோவின் முகத்தில் ஜெலட்டின் பூச்சு உண்டு. ஈரம் பட்டால் அது இளகும், காயும்போது கண்ணாடியைப் பசை போலப் பிடித்துக்கொள்ளும்.

நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மீதி நாட்களில் கடற்காற்று. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். மழை மாதங்களில் நம் வீடுகளில் அதற்கும் மேலேதான் நிற்கிறது. வேறு ஊரில் 30 வருடம் தாங்குகிற வேலை இங்கே அவ்வளவு காலம் தாங்காது.

கடைக்கு வருகிறவர்கள் பீடிங், அதாவது சட்டத்துக்கான பட்டை, தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் நிற்கிறார்கள். தங்க நிறமா, கறுப்பா, ஒன்றரை இஞ்சா, இரண்டா என்று பார்க்கிறார்கள். பின்னால் என்ன வைப்பீர்கள் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என்னைக் கேட்டால், பீடிங்கில் கொஞ்சம் குறைத்து அந்தப் பணத்தைப் பின்பக்கம் போடுங்கள். படத்தைத் தொடப் போவது அதுதான்.

படத்தைத் தொடுகிற அட்டை, அமிலம் இல்லாத ஆசிட் ஃப்ரீ மவுண்ட் போர்டாக இருக்கட்டும். பஞ்சுக் கூழில் செய்தது கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் மவுண்ட், அதாவது நடுவில் வெட்டிப் படத்தைச் சுற்றி வைக்கிற அட்டை, போட்ட பழைய படம் இருந்தால், மவுண்டின் சாய்வான வெட்டு விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் நல்ல அட்டை. டீக்கறை போல ஆகியிருந்தால் அட்டை அமிலம் கக்குகிறது என்று அர்த்தம், உடனே மாற்றுங்கள். மவுண்டுக்குப் பின்னால், ஹார்டுபோர்டுக்குப் பதிலாக நான் இப்போது வைப்பது உள்ளே குழல் குழலாக இருக்கிற பிளாஸ்டிக் ஷீட். விளம்பரத் தட்டிக்குப் பயன்படுத்துகிறார்களே, அந்தப் பாலிபுரோப்பிலீன் ஷீட்தான். விலை குறைவு, ஈரம் குடிக்காது, சிதல் தின்னாது. பார்வைக்கு அதே போல வெள்ளையாக, கெட்டியாக இருக்கிற பிவிசி ஃபோம் ஷீட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிவிசி நாளடைவில் அமில ஆவி விடும்.

மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையில் படத்தை நேராக ஒட்டி லேமினேஷன் செய்து தருகிறார்கள். கல்யாணப் படத்தின் பிரிண்டுக்கு அது சரி, கெட்டால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். தாத்தாவின் ஒரே படத்தையோ, மகள் வரைந்த வாட்டர் கலர் ஓவியத்தையோ தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைச் சேதமில்லாமல் உரித்து எடுக்க வழி இல்லை. இரண்டு மழைக்காலம் போனால் எம்.டி.எஃப் விளிம்பு பொரி போல உப்பி வருவதையும் பார்த்திருக்கிறேன்.

செல்லோ டேப்பும் ஃபெவிகாலும் படத்தின் பக்கமே வரக் கூடாது. தபால் தலை அளவுக்கு இரண்டு துண்டு மெல்லிய ஜப்பான் தாளைக் கோதுமை மாவுப் பசையால் படத்தின் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டி, படத்தை அதில் தொங்க விட வேண்டும். தாள் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டினால் அது எங்கே போகும்? அலை அலையாக நெளியும். கோதுமைப் பசையை என்றைக்கு வேண்டுமானாலும் கொஞ்சம் ஈரம் காட்டி எடுத்துவிடலாம். போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா என்றுதான் ஒவ்வொரு வேலையிலும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

கண்ணாடியைப் பொறுத்தவரை, படம் அதைத் தொடக் கூடாது. மவுண்டின் கனமே அந்த இடைவெளியைக் கொடுத்துவிடும். கல் பதித்த தஞ்சாவூர் ஓவியத்துக்கு அது போதாது, ஆழமான பெட்டிச் சட்டம் வேண்டும். கேன்வாஸில் வரைந்த எண்ணெய் ஓவியத்துக்குப் பொதுவாகக் கண்ணாடியே தேவையில்லை. கண்ணாடிக்குப் பதிலாகப் போடுகிற அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் ஷீட் எடை குறைவு, விழுந்தாலும் சிதறாது. ஆனால் துடைத்தால் மின்னூட்டம் ஏறித் தூசியை இழுக்கும், கரி, பேஸ்டல் ஓவியமாக இருந்தால் அதன் பொடியையே இழுத்துவிடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் வருகிறது, விலை அதிகம். அதைப் போட்டுவிட்டு வெயில் விழும் சுவரில் மாட்டினால் சாயம் வெளுக்கத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் சாயத்தைத் தின்னும்.

மரத்தில் தேக்கும் அயினியும் நம்பிக்கையானவை. ரப்பர் மரம் இங்கே மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம், வண்டுக்குப் பிடிக்கும். மருந்து ஏற்றிய மரமா என்று கேட்டு வாங்குங்கள். ஆணி, கொக்கி எல்லாம் பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ போடச் சொல்லுங்கள். கடலோர வீடுகளில் இரும்பு வேண்டவே வேண்டாம்.

கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பழைய வீடுகளில் ரவி வர்மா அச்சுப் படங்கள் இருக்கும். 1894-இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகத்தில் கல்லச்சில் ஒவ்வொரு வண்ணமாகப் போட்டு எடுத்தவை. சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று அவற்றின் ஓரத்தை வெட்ட விட்டுவிடாதீர்கள். படத்தின் பெயரும் அச்சகத்தின் பெயரும் பெரும்பாலும் அந்தக் கீழ் ஓரத்தில்தான் இருக்கும்.

மாட்டும்போது மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவரைத் தவிருங்கள், உள்சுவர் நல்லது. சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போகும். நம் பாட்டன்மார் படத்தின் தலையை முன்னால் சாய்த்து மாட்டினார்களே, அதிலும் இந்தப் பலன் உண்டு. முதுகு ஈரச் சுவரில் ஒட்டாமல் நிற்கும். கண்ணாடியில் தூசியும் குறைவாகவே படியும்.

அந்த அம்மாவின் படத்துக்கு வருகிறேன். ஒட்டியதை நான் உரிக்கவில்லை. உரித்தால் கன்னம் கண்ணாடியோடு வந்துவிடும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒட்டியிருந்தால் கத்தியோ தண்ணீரோ கொண்டு போகாதீர்கள். கண்ணாடியோடு வைத்தே நல்ல வெளிச்சத்தில் ஒரு நகல் எடுத்தேன். மூலப் படத்தைக் கண்ணாடியோடு சேர்த்து ஆசிட் ஃப்ரீ பெட்டியில் வைத்துக் கொடுத்தேன், நகலுக்குச் சட்டம் போட்டேன்.

பழுப்புக் கோட்டைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிடலாம் என்று சொன்னபோது அவர் சொன்னது, “எடுத்திரு மக்கா. சட்டைக் கையில ஒரு மடிப்பு கெடக்கு பாரு, அத மட்டும் எடுத்திராத. அண்ணைக்கு நான் அவசரத்தில தேச்சதுல விழுந்தது.” அந்த மடிப்பு அப்படியே இருக்கிறது. படத்தை நடுவீட்டு உள்சுவரில், விளக்குப் புகை படாத இடத்தில் நானே போய் மாட்டிக் கொடுத்தேன்.

வணக்கம்.