புளோரிடாவில் 537, லூனாஸில் 530: பள்ளிக்கூட வயதில் டிவியில் பார்த்த தேர்தல்

வணக்கம். செரெம்பானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, சின்ன வயதில் டிவியில் ஓர் அமெரிக்க அதிபர் தேர்தலைப் பார்த்துத்தான் அரசியல் ஆர்வம் வந்தது என்று போன வீடியோவில் சொன்னீர்கள். நம் நாட்டில் அதிபரே கிடையாது, உங்களுக்கு அதில் என்ன? அப்புறம், கூடுதல் ஓட்டு வாங்கினவர் அதில் தோற்றுப் போனாராமே, அது எப்படி?" இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இரண்டும் ஒரே நாளில்தான் ஆரம்பித்தன.

அது 2000ஆம் ஆண்டு, நான் படிவம் ஒன்று. பட்டர்வொர்த் பாகான் டாலாமில் வீடு. மதியப் பள்ளி என்பதால் காலை முழுக்க வீட்டில்தான் இருப்பேன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வீட்டுக்கு ஆஸ்ட்ரோ வந்ததே வானவில் பார்க்கத்தான், ஆனால் அப்பா இரவு வேலை முடிந்து வந்தால் கோப்பி ஓ குடித்துக்கொண்டே சிஎன்என் போட்டுவிடுவார். அவருக்கு அல் கோரைப் பிடிக்கும். அதற்குக் காரணம் அமெரிக்காவில் இல்லை, கோலாலம்பூரில். 1998 நவம்பரில் ஆசிய பசிபிக் நாடுகளின் ஏபெக் மாநாட்டுக்குக் கிளிண்டன் வரவில்லை, அவருக்குப் பதிலாகத் துணை அதிபர் கோர் வந்தார். நம் துணைப் பிரதமராக இருந்த அன்வார் பதவி போய்க் கைதாகிச் சில வாரம்தான் ஆகியிருந்தது, தெருவில் ரிஃபார்மாசி, அதாவது சீர்திருத்தம் என்ற குரல் கேட்டுக்கொண்டிருந்த நேரம். கோர் விருந்து மேடையிலேயே அந்தச் சொல்லைச் சொல்லி மலேசிய மக்களின் துணிச்சலைப் பாராட்டிவிட்டார். அரசாங்கத்துக்குக் கடும் கோபம். எங்கள் வீட்டில் அப்பா, "நம்ம ஊர்ல வந்து சொல்லிட்டுப் போறான் பாரு" என்று அதையே ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தார். அதனால் இரண்டு வருஷம் கழித்து அந்த மனிதரே அதிபர் பதவிக்கு நிற்கும்போது எங்களுக்கு அது யாரோ எவரோ தேர்தலாகத் தெரியவில்லை.

நவம்பர் 8, புதன்கிழமை காலை. அங்கே அது 7ஆம் தேதி இரவு. மாநிலம் மாநிலமாகச் சிவப்பும் நீலமுமாக நிறம் மாறிக்கொண்டே வந்தது. ஒன்பது மணி ஆகப் பத்து நிமிஷம் இருக்கும், புளோரிடா கோருக்கு என்று அறிவித்தார்கள். அப்பா எழுந்து நின்று கை தட்டினார். "முடிஞ்சது, இனி இவர்தான்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போய்விட்டார். பிறகு பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, அந்த நிமிஷத்தில் புளோரிடாவின் மேற்கு ஓரத்தில் ஓட்டுப்பதிவே முடியவில்லை. அந்தப் பக்கத்துக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. மக்கள் இன்னும் வரிசையில் நிற்கும்போதே டிவியில் முடிவு வந்துவிட்டது.

பதினொரு மணி வாக்கில், சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருக்கிறேன், திரையில் புளோரிடாவின் நிறத்தை எடுத்துவிட்டார்கள். வென்றவர் தோற்றார் என்று சொல்லியிருந்தால் புரிந்திருக்கும், இவர்கள் சொன்னதையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். டிவியில் சொன்ன ஒரு விஷயத்தை டிவியே இல்லை என்று சொல்லி நான் அதுவரை பார்த்ததில்லை. அறைக் கதவுவரை போய் நின்றேன். அப்பாவை எழுப்பிச் சொல்வதா வேண்டாமா? உள்ளே குறட்டைச் சத்தம். சொல்லாமலே பள்ளிக்குப் போய்விட்டேன், அன்று மதியம் ஒரு பாடமும் மண்டையில் ஏறவில்லை.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தால் அப்பா விழித்து உட்கார்ந்திருக்கிறார், முகம் வெளிறிப் போயிருந்தது. அவர் மூன்று மணிக்கு எழுந்து டிவியைப் போட்டிருக்கிறார், எதிர்த்து நின்ற புஷ் வெற்றி என்று வந்திருக்கிறது. காலையில் தான் பார்த்தது கனவா என்று யோசித்திருக்கிறார் பாவம். கோர் புஷ்ஷுக்குப் போன் பண்ணித் தோல்வியை ஒப்புக்கொண்டு, பேசுவதற்காக மேடைக்குக் கிளம்பி, வழியில் வித்தியாசம் குறைகிறது என்று தகவல் வந்து, மறுபடி போன் பண்ணி ஒப்புக்கொண்டதைத் திரும்ப வாங்கியிருக்கிறார். ஐந்து மணி வாக்கில் புஷ்ஷின் வெற்றியையும் டிவி திரும்ப வாங்கிக்கொண்டது. காலையில் நடந்தது எனக்குத் தெரியும், மதியம் நடந்தது அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பாதியைச் சொல்லிக்கொண்டோம்.

சரி, தம்பியின் இரண்டாவது கேள்வி. நாடு முழுக்கக் கோருக்கு 5 லட்சத்துக்கும் மேல் ஓட்டு கூடுதல், அது உண்மைதான். ஆனால் அங்கே மக்கள் ஓட்டை மொத்தமாகக் கூட்டிப் பார்த்து அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்துக்கு இத்தனை தேர்வாளர் என்று மொத்தம் 538 பேர், ஜெயிக்க 270 வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளரும் அவருக்கே. அப்போது புளோரிடாவுக்கு 25. அந்த 25 எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அதிபர், கடைசியில் 271க்கு 266 என்று முடிந்தது. நமக்கு இது ஒன்றும் புதுசில்லை தம்பி. 2013 பொதுத் தேர்தலை நினைத்துப் பாருங்கள், எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தானுக்கு ஏறக்குறைய 51 விழுக்காடு ஓட்டு, ஆளுங்கூட்டணியான பாரிசானுக்கு 47, ஆனால் 222 இடத்தில் 133 பாரிசானுக்கு. ஓட்டு எங்கே விழுகிறது என்பதுதான் கணக்கு.

ஆனால் என்னைப் பிடித்துப்போட்டது இந்தக் கணக்கு இல்லை. அடுத்து வந்த வாரங்களில் காட்டிய ஒரு காட்சிதான். ஒரு வயதான அதிகாரி, கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, ஓர் அட்டையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் கண்ணை அகல விரித்துப் பார்க்கிறார். அப்போது அங்கே பல மாவட்டங்களில் ஓட்டு என்பது அட்டையில் துளை போடுவதாக இருந்தது. ஊசியால் குத்தினால் குட்டிச் சதுரமாக ஒரு காகிதத் துண்டு கீழே விழ வேண்டும், அதற்குப் பெயர் சாட். சிலருடையது விழாமல் ஒரு மூலையில் தொங்கும், சிலருடையது வெறும் பள்ளத்தோடு நிற்கும். மிஷின் அதைத் துளையாக எடுத்துக்கொள்ளாது. பாம் பீச் மாவட்டத்தில் இன்னொரு கொடுமை, வேட்பாளர் பெயர்களை இரண்டு பக்கமும் அச்சடித்துத் துளையை நடுவில் வைத்துவிட்டார்கள். இடது பக்கம் இரண்டாவது பெயர் கோர், ஆனால் அவருடைய துளை மூன்றாவது. இரண்டாவதில் குத்தினால் ஓட்டு பியூக்கானன் என்ற இன்னொரு வேட்பாளருக்கு. அந்த ஒரு மாவட்டத்தில் அவருக்கு 3,400க்கும் மேல் விழுந்தது. இரண்டு துளை போட்டுச் செல்லாமல் போனது 19,000க்கும் மேல்.

தொங்குகிற துண்டுக்கெல்லாம் இவ்வளவு சண்டையா என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் முந்தின வருஷம் நம் பொதுத் தேர்தலில் ஒரு பள்ளி வகுப்பறையில் ஓட்டு எண்ணியவர். "நீ யு.பி.எஸ்.ஆர். பரீட்சை எழுதினியே, 2பி பென்சில்ல லேசா கருப்பாக்கினா மிஷின் படிக்காது. அதுக்காக உனக்கு விடை தெரியாதுன்னு ஆயிடுமா? தாளைக் கையில எடுத்துப் பார்த்தா தெரியும்ல?" அப்போதைய புளோரிடாச் சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது, ஓட்டுப் போட்டவரின் எண்ணம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார் என்றது. அம்மா அந்தச் சட்டத்தைப் படித்தவர் இல்லை. எண்ணியவர், அவ்வளவுதான்.

அப்புறம் லூனாஸ். எங்கள் வீட்டிலிருந்து கப்சாய் மோட்டார் சைக்கிளில் போய்விடலாம், கெடா எல்லைக்குள் இருக்கிறது. அங்கிருந்த சட்டமன்ற உறுப்பினர் ஜோ பெர்னாண்டஸ் சுட்டுக் கொல்லப்பட்டதால் இடைத்தேர்தல் வந்தது. அப்பா என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு செராமா என்ற பிரசாரக் கூட்டங்களைக் கேட்கக் கூட்டிப்போவார். திரும்பி வந்தால் டிவியில் புளோரிடா. நவம்பர் 26ஆம் தேதி புளோரிடாவில் அதிகாரபூர்வமாகச் சொன்னார்கள், ஏறக்குறைய 6 மில்லியன் ஓட்டில் புஷ் 537 ஓட்டில் முன்னால். 29ஆம் தேதி லூனாஸ் முடிவு, எதிர்க்கட்சியான கெஅடிலான் 530 ஓட்டில் வெற்றி. அந்த ஓர் இடம் போனதில் கெடா சட்டமன்றத்தில் பாரிசானின் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் போனது. நான் இரண்டு எண்ணையும் கணக்கு நோட்டுப் பின்னட்டையில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி வைத்தேன். எங்கள் பள்ளிச் சபையில் நிற்கிற கூட்டமே அதைவிட அதிகம்.

டிசம்பரில் பள்ளி விடுமுறை. 13ஆம் தேதி காலை, நிருபர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றப் படிக்கட்டில் குளிரில் நின்று தீர்ப்பைப் புரட்டிப் புரட்டி, யார் ஜெயித்தது என்று அவர்களுக்கே புரியாமல் நேரலையில் திணறினார்கள். ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு, புளோரிடா ஓட்டுகளைக் கையால் மறுபடி எண்ணும் வேலை அத்தோடு நின்றது. மறுநாள் கோர் வந்து, தீர்ப்பில் தனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். என்னைக் கேட்டால் அதை எண்ணி முடித்திருக்க வேண்டும், புஷ்ஷே ஜெயித்திருந்தாலும் சரி. எண்ணி முடித்து ஜெயித்தால் அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஜனவரி 6ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றத்தில் தேர்வாளர் ஓட்டுகளை எண்ணும்போது சபைக்குத் தலைமை தாங்கியது யார் தெரியுமா? துணை அதிபர் என்ற முறையில் கோரேதான். கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து புளோரிடாவின் ஓட்டுகளை ஆட்சேபித்தார்கள். ஒரு செனட்டராவது கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், ஒருவரும் போடவில்லை. அவருக்காகப் பேச எழுந்தவர்களை அவரே விதியைச் சொல்லி உட்கார வைத்தார். செய்தியில் அதைக் காட்டும்போது அப்பா வேலைக்குக் கிளம்பிப் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "எண்ணி முடிச்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கேள்வி ஈப்போவிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்.