இராத்தங்கலுக்கு ஒரு விதி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வகுக்கும் விதிகளைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு விதி: மகனோ மகளோ விரும்பும் ஒருவர் நம் வீட்டில் இரவு தங்கலாமா? தருமபுரிப் பக்கத்து வீடுகளில் இப்படிக் கேள்வியே எழாது என்பவர்கள், நம் பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் அறை எடுத்துத் தங்கியிருப்பதை மறந்துவிட்டார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாலையில், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகளோடு கணக்குப் போட வந்த பையன் மழையில் மாட்டிக்கொண்டான். மின்சாரமும் போய், இண்டூர்ப் பக்கம் போகும் பேருந்தும் போய்விட்ட நேரத்தில், "இங்கயே படுத்துட்டுக் காலையில போகட்டும்மா" என்றாள் மகள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல், மெழுகுவத்தியிலிருந்து வழிந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். விஷயம் கணக்கு மட்டுமல்ல என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சத்தம் போட வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, பையனின் அம்மாவுக்குப் போன் செய்து, அவனுக்குச் சோறு போட்டு, உரச்சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் மாட்டி, என் கணவரின் எக்ஸெல் வண்டியில் அனுப்பிவைத்தேன்.

"என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று அவள் கேட்டபோது, சட்டத்திலிருந்துதான் தொடங்கினேன். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின்படி, உடலுறவுக்கு 18 வயது நிறையாதவர் தரும் சம்மதம் சம்மதமே ஆகாது. அதற்கு முன் அந்த வரம்பு 16 ஆக இருந்தது. அந்தப் பையனுக்கும் 17 வயதுதான் என்றாலும், புகார் என்று வந்துவிட்டால் 18 நிறையாதவர்கள்மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் அவன் நிற்க நேரும். குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காதவர்மீதும் வழக்கு வரும் என்பதால், கண்ணை மூடிக்கொள்ளும் பெற்றோருக்கும் அதில் பங்கு உண்டு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் அமைதியாக ஒன்று சொன்னாள்: "அண்ணன் ஓசூர்ல ரெண்டு நாள் ஃப்ரெண்டு ரூம்ல தங்குனான். எந்த ஃப்ரெண்டுன்னு நீ கேட்டியா?" நான் கேட்கவில்லை. அவன் ஆண்பிள்ளை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் நம் மாவட்டங்களில் நடக்கிறது. மகளின் கைப்பேசியில் ஒரு பெயரைப் பார்த்ததும் படிப்பை நிறுத்தி, பதினைந்து நாளுக்குள் தாய்மாமன் மகனைப் பேசி முடித்துவிடுகிறார்கள். மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்கிற நினைப்பு அவர்களுக்கு. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, 18 நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்து வைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இத்தகைய ஏற்பாடு காதில் விழுந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.

எங்கள் வீட்டில் இப்போதுள்ள விதி இதுதான்: யார் வந்தாலும் கூடத்தில் உட்காரலாம், சாப்பிடலாம், இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும். இராத்தங்கல் மகனின் தோழிக்கும் இல்லை, மகளின் தோழனுக்கும் இல்லை. அதற்கு ஈடாக அவள் கேட்டது, தன் கைப்பேசியை நான் திறந்து பார்க்கக்கூடாது என்பது. அரை மனதோடு ஒப்புக்கொண்டேன். மகனிடம் அறை முகவரியைக் கேட்டபோது அவன் ஒரு நிமிடம் பேசவே இல்லை, பிறகு அனுப்பிவைத்தான்.

நன்றி, வணக்கம்.