தலைப்பிள்ளை: 4ஆம் கிழமையில இருந்து 40ஆம் கிழமை வரைக்கும்

[காட்சி: சுவர்க் கலண்டர். ஜனவரி 10 வட்டமிடப்படுகிறது.]

வணக்கம். முதன்முதலா முழுகாமல் இருக்கிற பிள்ளையளுக்கும், அவையளைச் சுத்தி இருந்து புத்தி சொல்லுற ஆக்களுக்கும் சேர்த்துத்தான் இந்த வீடியோ. ரெண்டாவது கூட்டம்தான் பெரிசு. அம்மா, மாமி, பக்கத்து வீட்டு அன்ரி, கனடாவில இருந்து வட்ஸ்அப்பில வாற சித்தி, எல்லாரிட்டையும் ஒரு கருத்து இருக்கும். அதில எதை எடுக்கிறது, எதைச் சிரிச்சுக்கொண்டு விடுறது எண்டதையும் கிழமைக் கணக்கோட சேர்த்துப் பாப்பம்.

முதல்ல அந்தக் கணக்கு. மிட்வைஃப், அதுதான் எங்கட பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், "ஆறு கிழமை" எண்டு எழுதேக்க கனபேர் முழிப்பினம், கலியாணம் முடிஞ்சே அஞ்சு கிழமைதானே எண்டு. ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை. கணக்கு தொடங்கிறது கடைசி மாதவிடாய் வந்த முதல் நாளில இருந்து. முட்டை வெளிவாறது அதுக்கு ஏறத்தாழ ரெண்டு கிழமை கழிச்சுத்தான். அதால முதல் ரெண்டு கிழமையும் வயித்தில பிள்ளையே இல்லாமல் ஓடிப்போகும். மொத்தம் 280 நாள். அம்மம்மா சொல்லுற பத்து மாதம் பிழையில்லை, 28 நாள் மாதமாப் பத்தை எண்ணிப் பாருங்கோ.

பேற்றுத் திகதி பாக்கிறதும் லேசு. அந்த முதல் நாளோட 9 மாதமும் 7 நாளும் கூட்டுங்கோ. ஜனவரி 10 எண்டால் ஒக்ரோபர் 17. சரியா அந்த நாளில பிறக்கிற பிள்ளையள் மிகக் குறைவு, ஆனபடியால் அந்தத் திகதியைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லி வையாதேங்கோ. 18ஆம் திகதி காலமை தொடங்கி "இன்னும் இல்லையோ?" எண்டு போன் வரும்.

[காட்சி: வாசல் கேற். ஸ்கூட்டியில் வந்திறங்கும் குடும்பநல உத்தியோகத்தர், கையில் பதிவேடு.]

4 முதல் 8. நாள் தள்ளிப்போச்சு, ரெஸ்ட் பண்ணினால் ரெண்டு கோடு. எங்கட யாழ்ப்பாணப் பக்கத்தில மூண்டு மாதம் முடியும் மட்டும் வெளியில சொல்லமாட்டினம், கண்ணூறு படும் எண்டு. நல்லது, ஊருக்குச் சொல்லாதேங்கோ. மிட்வைஃபுக்குச் சொல்லுங்கோ. பிள்ளையின்ர மூளையும் முள்ளந்தண்டும் உருவாகிற குழாய் 6ஆம் கிழமை அளவில மூடுப்பட்டிடும். அது ஒழுங்கா மூட உதவுறது ஃபோலிக் அமிலக் குளுசை. மூண்டு மாதம் ஒளிச்சு வைச்சிட்டுப் போய்க் கேட்டால் அந்த வேலை எப்பவோ முடிஞ்சிருக்கும். உண்மையில அந்தக் குளுசை பிள்ளைக்கு நினைக்கேக்கயே தொடங்க வேண்டியது.

8 கிழமைக்குள்ள பதிய வேணும். உங்கட பகுதி மிட்வைஃப் ஆர் எண்டு தெரியாட்டில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில, அதுதான் எம்ஓஎச் ஒபிஸில, கேளுங்கோ. காசு ஒண்டும் இல்லை. அவ முதல் கேக்கிற கேள்வி, "பிள்ளை, கடைசியா எத்தினையாம் திகதி வந்தது?" எண்டதுதான். திகதி ஞாபகம் இருந்தால் அரைவாசி வேலை முடிஞ்சுது. பதிஞ்சதும் ஒரு கார்ட் உங்கட கையில தருவா, அதே மாதிரி இன்னொண்டு அவவிட்ட இருக்கும். எங்கட ஊரில கனபேர் சீதன வீட்டில அம்மாவோடையே இருக்கிறபடியால் பிரச்சினை குறைவு. இடையில வேற ஊருக்கு மாறிறியள் எண்டால் மட்டும் ரெண்டு பக்கத்து மிட்வைஃபுக்கும் சொல்லிப்போட்டு மாறுங்கோ.

சத்தி இந்த நேரத்தில தொடங்கும். 9ஆம் கிழமை அளவில உச்சம், பெரும்பாலும் 16, 20க்குள்ள அடங்கிவிடும். சோறு அவியிற மணமே பிடிக்காது. கட்டிலால எழும்ப முதல் ரெண்டு கிரீம் கிராக்கர் கடிச்சுப் பாருங்கோ, பிறகு கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி சாப்பிடுங்கோ. தண்ணி கூட வயித்தில நிக்கேல்லை, சலம் கடும் மஞ்சளாக் குறைவாப் போகுது எண்டால் வீட்டில வைச்சிருந்து இஞ்சித் தண்ணி குடுக்கிற கட்டம் தாண்டிவிட்டுது, ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. ரத்தம் போனாலும், அடிவயித்தில ஒரு பக்கமாக் கடும் நோ வந்தாலும் அப்பிடித்தான்.

[காட்சி: கிளினிக் வாங்கு, வரிசையாகக் குடைகளும் கைப்பைகளும்.]

முதல் கிளினிக்கில உயரம், நிறை, பிறெஷர், பிறகு ரத்தம். ரத்த வகை, ஹீமோகுளோபின், சீனி, அதோட சிபிலிஸ், எச்ஐவி பரிசோதனை. இந்தக் கடைசி ரெண்டும் கேட்ட உடனே சில வீடுகளில முகம் கறுக்கும். இது எல்லாக் கர்ப்பிணியளுக்கும் செய்யிறது, உங்களைச் சந்தேகப்பட்டு இல்லை. அப்பிடி ஒருத்தரையும் விடாமல் பார்த்தபடியால்தான் தாயிட்ட இருந்து பிள்ளைக்கு இந்த ரெண்டும் தொத்திறதை இலங்கை ஒழிச்சிட்டுது எண்டு 2019இல உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் குடுத்தது.

12ஆம் கிழமைக்குப் பிறகு ஏற்பு ஊசி, அதுதான் ரெற்றனஸ் ஊசி. தலைப்பிள்ளைக்கு ரெண்டு தரம். பூச்சிக் குளுசை ஒருக்கா. இரும்புக் குளுசை, கல்சியம் குளுசை தொடங்கும்.

இந்த இரும்புக் குளுசையில கொஞ்சம் நிப்பம். கிளினிக்கில "போட்டனியளோ?" எண்டு கேட்டால் எல்லாரும் "ஓம் மிஸ்" எண்டுதான் சொல்லுவினம். பாதிப்பேரின்ர குளுசை அலுமாரித் தட்டில இருக்கும். போட்ட ஆக்களும் கனபேர் தேத்தண்ணியோட போட்டிருப்பினம். தேயிலை இரும்பை உடம்பில சேரவிடாது. சாப்பாட்டோட ஒரு பிளேன்ரீ, பின்னேரம் பால்தேத்தண்ணி எண்டு ஓடுற வீட்டில இது சின்னக் கதை இல்லை. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கோ. கல்சியத்தையும் இதோட சேர்த்துப் போடக்கூடாது, ஒண்டு மத்தியானம், மற்றது இரா எண்டு பிரிச்சு வையுங்கோ. தேசிக்காய்த் தண்ணியோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நல்லா ஊறும். மலம் கறுப்பாப் போகும், அது குளுசையின்ர வேலை, பயப்பிட ஒண்டும் இல்லை.

திரிபோஷாவும் தருவினம். சோளம், சோயா, பால்மா சேர்ந்த மா. பைக்கற்றை வெட்டி, தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் போட்டு, சுடுதண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு உருட்டினால் நல்ல ருசி. ருசியா இருக்கிறதுதான் பிரச்சினையும். மாமாவுக்கு ரெண்டு உருண்டை, கொழுந்தனுக்கு ரெண்டு உருண்டை, கடைசியில தாய்க்கு மிஞ்சிறது பைக்கற். மாமிமார் இதை மட்டும் கொஞ்சம் காவல் காக்க வேணும்.

[காட்சி: ஸ்கான் திரை.]

18 முதல் 22. முதல் பிள்ளையின்ர துடிப்புத் தெரியவாற காலம். முதல்ல வாய்வு ஓடுற மாதிரித்தான் இருக்கும், ரெண்டு மூண்டு நாள் போனால்தான் பிடிபடும். இந்தக் கிழமைகளில எடுக்கிற ஸ்கான் முக்கியமானது. தலை, இதயம், முதுகு, கைகால், நஞ்சுக்கொடி எங்க இருக்கு எண்டு உறுப்பு உறுப்பாப் பாப்பினம். ஆணோ பெண்ணோ எண்டு கேட்டு டொக்டரின்ர கவனத்தைக் குழப்பாமல், இதயம் வடிவா இருக்கோ எண்டு கேளுங்கோ. இதில இருந்து பிள்ளைத்தாய்ச்சியின்ர வயித்தை மிட்வைஃப் நாடாவால அளப்பா. 28 கிழமையில ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர், அப்பிடியே கிழமையும் நாடாவும் சேர்ந்து போகும்.

24 முதல் 28இல வெறுவயித்தில 75 கிராம் குளுக்கோஸ் கரைச்ச தண்ணி குடிக்கிற ரெஸ்ட். குடிக்கக் கஷ்டம், ஆனால் தவிர்க்காதேங்கோ. எங்கட ஆக்களுக்குக் கர்ப்பகாலச் சீனி வருத்தம் வாற சாத்தியம் கூட. "ரெண்டு உயிருக்குச் சாப்பிடு" எண்டு கோப்பையில சோத்தைக் குவிக்கிறதை இந்த இடத்தில நிப்பாட்டலாம். கூட்ட வேண்டியது கறிவகையை. முட்டை, பருப்பு, முருங்கையிலை, மீன்.

மீன் எண்டதும் சுறா. பால் சுரக்கும் எண்டு பால்சுறா வறை எங்கட ஊரின்ர பெரிய நம்பிக்கை. நானும் அந்த வறையின்ர ஆள்தான், ஆனால் சுறா மாதிரி மற்ற மீனைத் தின்னுற மீன்களில பாதரசம் சேரும், அது பிள்ளையின்ர மூளை வளர்ச்சிக்குக் கூடாது. முழுகாமல் இருக்கேக்கயும் பால் குடுக்கேக்கயும் சுறாவை விடுங்கோ. சூடை, நெத்தலி, கீரி தாராளமா வாங்குங்கோ, விலையும் குறைவு. பப்பாசி? பழுத்தது சாப்பிடலாம், காய் வேண்டாம். குங்குமப்பூவால பிள்ளை வெள்ளையாகாது, அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

[காட்சி: மழை. முற்றத்தில் கவிழ்த்து வைத்த வாளி.]

28க்குப் பிறகு பிள்ளை ஒரு கிலோ அளவில இருக்கும். வளைகாப்பு இப்ப மண்டபம் எடுத்துச் செய்யிற அளவுக்கு வந்திட்டுது, எங்கட அம்மம்மாமாருக்கு இப்பிடி ஒரு மண்டபக் கதையே தெரியாது. விருப்பம் எண்டால் செய்யுங்கோ, நாலு மணித்தியாலம் கதிரையில ஆடாமல் இருத்தி வைக்காதேங்கோ.

இந்தக் காலத்தில மூண்டு விசயத்துக்கு ஒருத்தரிட்டையும் அனுமதி கேக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். பிள்ளையின்ர துடிப்பு வழமையை விடக் குறைஞ்சால் ஒண்டு. விடிய மட்டும் பாப்பம் எண்டு படுக்கக்கூடாது. கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயித்து நோ, முகம் வீங்கிறது மற்றது. பிறெஷர் 140க்கு 90ஐத் தாண்டியிருக்கலாம். கால் வீங்கிறது எல்லாருக்கும் வாறதுதான், முகம் வீங்கிறது அப்பிடி இல்லை.

மூண்டாவது காய்ச்சல். ஐப்பசி, கார்த்திகை மழையோட யாழ்ப்பாணத்தில டெங்குவும் வரும். மற்ற ஆக்கள் ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாம், கர்ப்பிணி முதல் நாளே போக வேணும். பரசிற்றமோல் தவிர வேற நோக்குளுசை ஒண்டும் போடாதேங்கோ. டிஸ்பிரினைத் தொடவே வேண்டாம்.

[காட்சி: கட்டிலில் விரித்த பழைய நூல் சேலை, கத்தரிக்கோல்.]

36ஆம் கிழமை. பிறக்க முதல் பிள்ளைக்குச் சாமான் வாங்கக்கூடாது எண்டு அம்மா சொல்லுவா. சண்டை பிடிக்காதேங்கோ, அம்மாவின்ர பழைய நூல் சேலையளை எடுத்து வெட்டித் தோய்ச்சு, வெயிலில காயவிட்டு, அயன் பண்ணி வையுங்கோ. பிறந்த பிள்ளையின்ர தோலுக்கு அதை விட மெத்தென்ற துணி கடையில இல்லை. பாக்கில முதல் போக வேண்டியது கிளினிக் கார்ட், ஸ்கான் ரிப்போட், அடையாள அட்டை. பிறகு முன்னால திறக்கிற சட்டை, பாட், சுடுதண்ணிப் போத்தல், பிள்ளைக்குத் தொப்பியும் துணியும். பவுடர் வேண்டாம்.

எங்க பெறுறது எண்டதை இதுக்கு முதலே தீர்மானிச்சிருக்க வேணும். யாழ் போதனா வைத்தியசாலை, இல்லாட்டில் பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையள். அந்தக் காலத்தில "இணுவில் ஆஸ்பத்திரியில பிறந்தனான்" எண்டு சொல்லாத வயசாளியளைக் காணுறது அருமை. பெண்களுக்கெண்டு மிசன்காரர் நடத்தின மக்லியோட் ஆஸ்பத்திரி அது. நெடுந்தீவு ஆக்களுக்கு இந்தத் தீர்மானம் இன்னும் முந்த வேணும். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு மணித்தியாலக் கடல், காத்து எழும்பினால் வள்ளம் ஓடாது. திகதிக்கு முன்னமே இஞ்சால வந்து சொந்தக்காரர் வீட்டில நில்லுங்கோ. தரையில உள்ள ஆக்கள் 1990ஐ போனில சேமிச்சு வையுங்கோ, அம்புலன்ஸ் இலவசம். கூட நிக்க ஒராளை விடுவினமோ எண்டதையும் வாட்டில முன்னமே கேளுங்கோ.

நோ வந்து வந்து போய், இடைவெளி குறைஞ்சுகொண்டு வந்தால் அது பேற்று நோ. பன்னீர்க்குடம் உடைஞ்சால் நோ இல்லாட்டிலும் போங்கோ. தண்ணி பச்சையா இருந்தால் இன்னும் கெதியா.

[காட்சி: கப்பியும் வாளியும் உள்ள கிணறு.]

வீட்டுக்கு வந்தாச்சு. வாசலில வேப்பிலை, கொத்திப் பேய் அண்டாமல் கட்டிலடியில இரும்புத்துண்டு, தாய்க்குச் சரக்குக்கறி. இதுகளால ஒரு பாதகமும் இல்லை, மிளகும் உள்ளியும் மஞ்சளும் போட்ட அந்தக் கறி அருமையாயும் இருக்கும். தடுக்க வேண்டியது தாயைத் தண்ணி குடிக்க விடாமல் வைக்கிறதையும், பிள்ளையின்ர வாயில உரைமருந்து, சீனித்தண்ணி, தேன் வைக்கிறதையும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணியும் இல்லை.

இது எங்கட ஊருக்கு இன்னும் பொருந்திற காரணம் கிணறு. சுண்ணாம்புக் கல்லுக்கால தோட்டத்துப் பசளை நிலத்தடி நீருக்கு இறங்குது. வலிகாமத்தில சில கிணறுகளில நைத்திரேற் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எண்ட எல்லையைத் தாண்டினது. அந்தத் தண்ணியில மாப்பால் கரைச்சால் கைக்குழந்தையின்ர ரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைச்சால் கிருமி சாகும், நைத்திரேற் போகாது, தண்ணி வத்த வத்தக் கூடும். டொக்டர் சொல்லி மாப்பால் குடுக்க வேண்டி வந்தால் தோட்டக் காணியை ஒட்டின கிணத்தை விட்டிட்டு, சோதிச்ச தண்ணியை எடுங்கோ.

மிட்வைஃப் முதல் 10 நாளுக்குள்ளயே வீட்டுக்கு வருவா. பிள்ளையைப் பாக்கிறதோட நிப்பாட்டாமல் உங்கட மனநிலையையும் கேப்பா, அழுகை நிக்கேல்லை எண்டால் அதையும் சொல்லுங்கோ. 31ஆம் நாள் துடக்குக் கழிவு. பேருக்கு எழுத்து எது எண்டு சாத்திரியார் பஞ்சாங்கத்தைப் பிரட்ட, லண்டன் மாமாவுக்கு ஒரு பேர், அப்பப்பாவுக்கு ஒரு பேர் எண்டு வீட்டில வாக்குவாதம் நடக்கட்டும். பிறப்புப் பதிவுக்கு 42 நாள்தான். ஆஸ்பத்திரியில தந்த துண்டு, ரெண்டு பேரின்ர அடையாள அட்டை, கலியாணப் பதிவு எல்லாத்தையும் ஒரு கவரில போட்டு, பதிவாளரிட்டப் போகப்போற ஆளின்ர கையில இப்பவே குடுத்து வையுங்கோ.