பாணைக் கருக்கியது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

காலைப் பாண் கருகுவதற்குக் காரணம் குசினியில் நிற்பவரின் கவனக்குறைவா, மேசையில் இருப்பவர்களின் பொறுப்பின்மையா? மேசையில் இருப்பவர்கள்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் ஒரே வீச்சில் வழக்கை முடித்துவிட்டார். “இரண்டு நிமிட வேலை. பக்கத்தில் நின்று பார்த்தால் கருகுமா?” என்று கேட்டார். அந்த இரண்டு நிமிடத்தையும் இந்தச் சபையில் விரித்து வைக்கிறேன், பாருங்கள்.

காலை ஆறரை. காலி வீதியில் பஸ்கள் ஓடத் தொடங்கிவிட்டன. ஒரு அடுப்பில் பருப்பு, மற்றதில் தேத்தண்ணிக்குத் தண்ணி. மூத்தவனின் சாப்பாட்டுப் பெட்டி பாதி கட்டியபடி கிடக்கிறது. சின்னவளுக்கு ஒரு பின்னல் முடிந்தது, மற்றது முடியவில்லை. டோஸ்டரில் இரண்டு துண்டு பாண். அப்போதுதான் குரல் வரும்: “அம்மா, என்ட மற்றச் சப்பாத்து எங்கே?” சப்பாத்து கட்டிலுக்குக் கீழே. குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் மணம் வந்துவிடும். மணத்துக்குப் பின்னால் மேசையிலிருந்து இன்னொரு குரலும் வரும்: “பாண் கருகுது!”

நடுவர் அவர்களே, அந்தக் குரலைக் கொஞ்சம் கவனியுங்கள். மணம் மேசைவரை போயிருக்கிறது. டோஸ்டருக்கும் மேசைக்கும் நடுவில் நாலு அடி. எழுந்து வந்து ஒரு பொத்தானை அமத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எழும்புவது குரல் மட்டும்தான்.

இனி, பக்கத்தில் நின்று பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு வருகிறேன். பாண் துண்டில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 பாகையைத் தாண்டி இலேசில் ஏறாது. மேல்பக்கம் வற்றியதும் விறுவிறென்று ஏறும். 140 பாகையளவில் மாவிலிருக்கும் சீனியும் அமினோ அமிலங்களும் சேர்ந்து அந்தப் பொன்னிறத்தையும் மணத்தையும் தருகின்றன. லூயி காமில் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் எழுதிய விடயம் இது. இன்னும் ஏறினால் கரிதான். ஆகவே பாண் நெடுநேரம் வெள்ளையாகவே நிற்கும். பொன்னிறம் கறுப்பாக மாறுவதோ சில கணங்களில். கண் வேண்டிய நேரம் அந்தக் கடைசிச் சில கணங்கள்தான். சப்பாத்தைத் தேடச் சொல்லும் குரலும் அதே கணத்தில்தான் வருகிறது.

நேற்றைய பாண் என்றால் ஈரம் குறைவு, இன்னும் கெதியாகக் கறுக்கும். இரண்டாம் தடவை போடும் துண்டுக்கு டோஸ்டர் ஏற்கெனவே கொதித்திருக்கும். சூட்டுக் குமிழை அதே எண்ணில் வைத்தாலும் முதல் துண்டைவிடக் கடுமையாக வாட்டிவிடும். இதெல்லாம் தெரியாமல் யாரும் குசினியில் நிற்பதில்லை. தெரிந்தும் ஒரு கையால்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

சரி, எல்லாருக்கும் ஒரே பதமா? எங்கள் வீட்டைச் சொல்கிறேன். மாமாவுக்கு ஓரம் கறுத்து முறுக வேண்டும், கடித்தால் சத்தம் கேட்க வேண்டும். என் கணவருக்கு இருபக்கமும் பொன்னிறம். சின்னவளுக்கு பட்டர் உருகும் அளவுக்குச் சூடு காட்டினால் போதும், நிறம் மாறினால் தொடமாட்டாள். மூத்தவனுக்கு நல்ல சிவப்பு, மேலே சம்பல். நாலு பேர், நாலு பதம், ஒரு குமிழ். அந்த நாலையும் ஒருத்தி மனதில் வைத்திருக்கிறாள். அதில் ஒன்று தவறினால் அதற்குப் பெயர் கவனக்குறைவா?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் உடல்நலத்தை எடுத்தார். அதை நான் மறுக்கவில்லை. மாப்பொருள் உணவை 120 பாகைக்கு மேல் சூடாக்கும்போது அக்ரிலமைட் உருவாகிறது என்று 2002இல் சுவீடனில் அறிவித்தார்கள். நிறம் கறுக்கக் கறுக்க அதன் அளவும் கூடும். உணவு வழியாக அது மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்பது இன்னும் முடிவாகவில்லை. என்றாலும் பொன்னிறத்தோடு நிறுத்துங்கள் என்று பிரித்தானியாவின் உணவுத் தர முகவரகம் 2017இல் மக்களைக் கேட்டுக்கொண்டது. நல்ல அறிவுரை. ஆனால் ஐயா, கருகின துண்டு யாருடைய தட்டுக்குப் போகிறது என்று நீங்கள் கேட்கவே இல்லையே. சிங்கில் பிடித்துக் கத்தியால் சுரண்டுவோம். ஈரத்தில் கரித்தூள் ஒட்டிக்கொள்ளும், பட்டர் பூசினால் அதிலும் கறுப்புப் புள்ளி தெரியும். அந்தப் பக்கத்தைக் கீழே திருப்பி வைத்து, நின்றபடி சாப்பிடுவது யார்? இந்த மண்டபத்தில் இருக்கும் தாய்மாருக்குத் தெரியும்.

2022 மார்ச் கடைசியை நினைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. காஸும் இல்லை. கரண்ட் போக முன்னம் எல்லாம் முடிக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லாருமே குசினிக்கு வந்தார்கள். மாமா பாண் வெட்டினார், இவர் டோஸ்டருக்கு முன்னால் நின்றார், பிள்ளைகள் பட்டர் பூசினார்கள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு துண்டு கருகியதாக எனக்கு நினைவில்லை. பாண் கிடைப்பதே பெரிது என்று இருந்த காலம், கருக விட யாருக்கும் மனம் வரவில்லை. அந்த டோஸ்டர்தான் இன்றைக்கும் இருக்கிறது. மின்சாரம் ஒழுங்காக வந்ததும் எல்லாரும் மேசைக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

போன வருடம் நான் காய்ச்சலில் ஒரு கிழமை படுத்திருந்தேன். இரண்டாம் நாள் மூத்தவன் எனக்குத் தேத்தண்ணியும் பாணும் கொண்டுவந்தான். ஒரு பக்கம் கறுப்பு, சுரண்டின அடையாளம் இருந்தது. “மூண்டு துண்டு கருகிப்போச்சு அம்மா. தங்கச்சி கூப்பிட்டவள், திரும்பிப் பாக்கிறதுக்குள்ள...” என்றான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அதற்குப் பிறகு அவன் தன் பாணைத் தானே வாட்டுகிறான். தங்கச்சியின் துண்டுக்கு எண்ணைக் குறைத்து வைக்கவும் தெரியும். மேசையிலிருந்து “கருகுது” என்று அவன் கத்தி நான் பிறகு கேட்கவில்லை.

அவரவர் பதத்தை அவரவர் வாட்டட்டும். முடியாத வயதென்றால், முடிந்தவர் ஒருவர் எழுந்து வரட்டும். எங்கள் அணி கேட்பது அவ்வளவுதான்.

நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்ல முன்னம் எதிரணியில் இருக்கும் மூவரையும் ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் வீட்டு டோஸ்டரின் குமிழ் இன்று காலை எந்த எண்ணில் இருந்தது? மூவரில் ஒருவர் சரியாகச் சொன்னாலும் என் வாதத்தை இந்த மேடையிலேயே மீளப் பெறுகிறேன். நன்றி, வணக்கம்.