கேக் வெட்டிய மறுநாள்

(மேலாண்மைக் கல்லூரியின் புதிய மாணவர்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம். சாயங்கால நேரத்தில் எம்.பி.ஏ. மாணவர்களிடம் வந்து இஞ்ஞாசியார் என்ற கிறிஸ்தவப் புனிதரைப் பற்றிப் பேசுகிறேன். பயப்படாதீர்கள், இவர் நம்மை மாதிரி கணக்கு நோட்டு வைத்திருந்தவர்.

1521ஆம் ஆண்டு மே மாதம். ஸ்பெயினின் பாம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டு இனிகோ என்ற வீரரின் கால் முறிந்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்து துருத்திக்கொண்டு நின்றது. பூட்ஸ் போட்டால் அசிங்கமாக இருக்குமே என்று அதை அறுத்தெடுக்கச் சொன்னார். மயக்க மருந்து இல்லாத காலம், அப்பேர்ப்பட்ட பகட்டு!

படுக்கையில் பொழுதுபோக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் கதைகளும்தான். வாள், புகழ், சீமாட்டி என்று கனவு கண்டால் அப்போதைக்கு இனித்தது, பிறகு மனம் வறண்டுபோனது. புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தால் அந்த நிறைவு அப்புறமும் தங்கியது. ஆசை தீர்ந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்த அந்த இனிகோதான் இஞ்ஞாசியார். அவருடைய இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபைக்கு 1540இல் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. ஜாம்ஷெட்பூரில் 1949இல் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. மேலாண்மைக் கல்லூரியைத் தொடங்கியதும், சென்னை லயோலா வளாகத்தில் 1979இல் லிபா மேலாண்மைக் கல்லூரியைத் தொடங்கியதும் அந்தச் சபையினர்தான்.

நான் விற்பனையில் இருந்தபோது ஒரு மார்ச் 31. டார்கெட் எட்டவில்லை. கேட்காத சரக்கையும் விநியோகஸ்தர்களின் குடோனில் இறக்கினோம். இரவு கேக் வெட்டினோம். ஏப்ரலில் பாதிப் பெட்டிகள் பிரிக்காமலே திரும்பி வந்தன. கேக் வெட்டிய மறுநாள் மனதில் என்ன மிஞ்சியது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

1548இல் அச்சான 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இஞ்ஞாசியார் ஒரு வழி சொல்கிறார். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள். நாளுக்கு இரண்டு கோடு: எழுந்ததிலிருந்து மதியம் வரை ஒன்று, அப்புறம் இரவு வரை ஒன்று. தவறிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் ஒப்பிடு, நேற்றையும் இன்றையும் ஒப்பிடு, வாரத்தையும் வாரத்தையும் ஒப்பிடு. நாம் மாதாமாதம் விற்பனைக்குச் செய்வதுதானே இது!

பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இதைப் பாடத்தில் சேர்த்தால் தயவுசெய்து மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் மாணவர்கள் அழகழகான பாவங்களாகப் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள்.

நான் எடுத்துக்கொண்ட குறை, அடுத்தவர் முடிக்குமுன் குறுக்கே பேசுவது. இன்று மதியம் வரை நாலு புள்ளி. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு. அதில் ஒன்று சற்று முன் உங்கள் முதல்வர் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தபோது. சரி, கேள்விகளைக் கேளுங்கள். நோட்டு இதோ மேசைமேல் இருக்கிறது.